வலேரி லெகாசொவ்

வலேரி அலெக்சேயெவிச் லெகாசொவ் (செப்டம்பர் 1, 1936 – ஏப்ரல் 27, 1988) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் ஆவார். இவர் சோவியத் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினராகவும், மாஸ்கோவில் அமைந்துள்ள குர்ச்சாத்தொவ் அணு ஆற்றல் ஆய்வுக்கழகத்தின் முதல் துணை இயக்குநராகவும் விளங்கினார். 1986 ஆம் ஆண்டில் செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நிகழ்ந்ததை அடுத்து அமைக்கப்பட்ட அரசு ஆணையத்தில் முதன்மையான அறிவியலாளராகப் பணியாற்றியமைக்காகவும், அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் வியன்னா நகரில் அவ்விபத்தின் விவரங்களைப் பன்னாட்டு வல்லுநர்களின் முன் எடுத்துரைத்தமைக்காகவும் இவர் பரவலாக அறியப்படுகிறார். அணுத்துறை விபத்து ஒன்றைப் பற்றி சோவியத் அரசு அதற்கு முன் ஒருபோதும் அவ்வளவு விரிவாகப் பேசியதில்லை. எனினும் விபத்துக்கு அடிப்படையான வடிவமைப்புக் குறை ஒன்று அந்த அறிக்கையில் காரணமாகக் கூறப்படவில்லை. அது வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு முன்னரே லெகாசொவ் தமது உயிரை மாய்த்துக்கொண்டார்.

இளமையும் வேதியியல் ஆய்வும்

லெகாசொவ் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள தூலா நகரில் பிறந்தார். பள்ளிப்படிப்பை மாஸ்கோவில் முடித்தார். பின்னர் மெண்டெலீவ் மாஸ்கோ வேதித் தொழில்நுட்பக் கல்விநிறுவனத்தில் பயின்று 1961 இல் பட்டம் பெற்றார். சைபீரியாவில் தோம்ஸ்க் நகருக்கு அருகே இருந்த, அணு எரிபொருள் தொடர்பான வேதியியல் தொழிற்கூடத்தில் சிறிது காலம் பணியாற்றினார். அதன் பின்னர் மேற்படிப்புக்காகக் குர்ச்சாத்தொவ் கழகத்தில் சேர்ந்தார். அவருடைய வாழ்நாட்பணி முழுவதும் அக்கழகத்திலேயே அமைந்தது.

இவரது ஆய்வுத்துறை மந்த வளிமங்களின் வேதியியல் ஆகும். செனான், கிரிப்டான் போன்ற வளிமங்கள் வேறு எந்தத் தனிமத்துடனும் வேதிவினை புரியா என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1962 இல் கனடாவில் பணியாற்றிய நீல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றை உருவாக்கி அக்கருத்தைப் பொய்யாக்கினார். புதிதாகத் திறந்த அத்துறையில் சோவியத் ஒன்றியத்தில் முன்னின்று உழைத்தவர்களுள் லெகாசொவ் ஒருவர். 1972 இல் முனைவர் பட்டமும், 1976 இல் சோவியத் அரசுப் பரிசும், 1984 இல் லெனின் பரிசும் பெற்றார். 1981 இல் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 45. 1983 இல் குர்ச்சாத்தொவ் கழகத்தின் முதல் துணை இயக்குநராக உயர்ந்தார். அதே காலத்தில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் புலத்தில் கதிர்வேதியியல் துறைக்கும் தலைமை வகித்தார்.

லெகாசொவ் அணுவுலை வடிவமைப்பாளர் அல்லர் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். எனினும் அவர் துணை இயக்குநராக இருந்த கழகமே செர்னோபிலில் நிறுவப்பட்டிருந்த ஆர்.பி.எம்.கே வகை உலைகளின் அறிவியல் மேற்பார்வைக்குப் பொறுப்பாக இருந்தது. கழகத்தின் இயக்குநர் அனத்தோலி அலெக்சாந்திரொவ் அவ்வுலையை உருவாக்கியவர்களுள் ஒருவர். விபத்து நிகழ்ந்த காலத்தில் அவர் அறிவியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். லெகாசொவின் பிற்கால இக்கட்டுகள் பலவற்றுக்கும் இந்த நிலையே மூலம் எனலாம்.

செர்னோபிலில்

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை, அதிகாலை 1 மணி 23 நிமிடத்துக்குச் செர்னோபில் நிலையத்தின் 4 ஆம் உலை வெடித்துச் சிதறியது. மின்சாரம் தடைப்பட்டால், சுழன்று ஓயும் சுழலியிலிருந்து குளிர்நீர் எக்கிகளுக்குச் சிறிது நேரம் மின்சாரம் பெற இயலுமா என்று ஆராயும் சோதனை ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அன்று காலை மாஸ்கோவில் ஒரு கூட்டத்துக்குச் சென்றிருந்த லெகாசொவுக்கு, அமைச்சரவையின் துணைத்தலைவர் போரிஸ் செர்பீனாவின் தலைமையில் அமைக்கப்பட்ட அரசு ஆணையத்தில் தாம் சேர்க்கப்பட்டிருக்கும் செய்தி கிடைத்தது. பிற்பகலில் விமானம் மூலம் கீவ் நகருக்குச் சென்று, அங்கிருந்து தரைவழியாக மாலையில் பிரிப்பியத் நகரை அடைந்தார். நிலையத்தின் ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் வாழ்ந்த அந்நகர் உலையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நகரை நெருங்கும்போதே நிலையத்தின் மேல் வானம் செந்நிறமாக ஒளிர்ந்ததை அவர் பின்னர் தம் நினைவுகளில் பதிவு செய்துள்ளார்.

ஆணையத்தின் முன் முதலில் நின்ற கேள்வி, சிதைந்த உலையில் அணுக்கருப் பிளவு இன்னமும் தொடர்கிறதா என்பது. நியூத்திரன்களை அளக்கும் கருவிகள் கடுமையான காமாக் கதிர்வீச்சினால் நம்பத்தக்க அளவீடுகளைத் தரவில்லை. லெகாசொவ் கவசவண்டியில் உலைக்கட்டடத்தின் அருகே சென்று பார்த்தார். இறுதியில் விடை வேதியியல் வழியாகவே கிடைத்தது. அயோடின்-134 ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அயோடின்-131 பாதியாகக் குறைய 8 நாட்கள் ஆகும். வெளியேறும் வளிமங்களில் முன்னது தொடர்ந்து காணப்பட்டால் அது அப்போதுதான் உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு உலை இயங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். எரிந்துகொண்டிருந்தது கிராஃபைட்டு, வெப்பம் தந்துகொண்டிருந்தது எரிபொருளில் தேங்கியிருந்த கதிரியக்கப் பொருள்களின் சிதைவு.

பிரிப்பியத் மக்களை வெளியேற்றும் முடிவு 26 ஆம் நாள் இரவு எடுக்கப்பட்டது. நகரில் அளவிடப்பட்ட கதிர்வீச்சு அந்நேரத்தில் கட்டாய வெளியேற்றத்துக்கு விதிகள் குறித்திருந்த வரம்பை எட்டவில்லை. அளவுகள் உயர்ந்தே தீரும் என்று ஆணையத்தில் இருந்த இயற்பியலாளர்கள் வற்புறுத்தினர். மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏறத்தாழ 49,000 பேர் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டனர். விபத்து நிகழ்ந்து அதற்குள் 36 மணி நேரம் கடந்திருந்தது. அந்த ஒன்றரை நாளும் மக்களுக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை. சனிக்கிழமை முழுவதும் குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தனர்.

எரியும் உலையின் மீது உலங்கு வானூர்திகளிலிருந்து எவற்றைக் கொட்டுவது என்பதைத் தீர்மானித்ததில் லெகாசொவுக்குப் பெரும்பங்கு உண்டு. நியூத்திரன்களை உறிஞ்சிக்கொள்ளப் போரான் சேர்மங்கள், வெப்பத்தை ஏற்கவும் கதிர்வீச்சைத் தடுக்கவும் ஈயம், சூடேறும்போது கரியமில வளிமத்தை வெளிவிட்டுத் தீயை அடக்க தோலமைட்டுக் கல், துகள்களைத் தடுத்து நிறுத்த மணலும் களிமண்ணும் என ஏறத்தாழ 5,000 டன் பொருள் மே மாதத் தொடக்கம் வரை கொட்டப்பட்டது. பின்னாளில் உலையின் உட்பகுதியை ஆராய்ந்தவர்கள், இதில் பெரும்பகுதி உலைக்குழியினுள் விழவே இல்லை என்று கண்டனர். எரிபொருள் உருகி, கான்கிரீட்டையும் மணலையும் தன்னுடன் கரைத்துக்கொண்டு கீழ்த்தள அறைகளுக்குள் வழிந்து உறைந்திருந்தது. எனவே இம்முயற்சியால் விளைந்த பயன் எவ்வளவு என்பது கேள்விக்குரியது. எனினும் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எவரும் பார்க்க இயலாத அந்நாட்களில், வேதியியல் அறிவைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்தனர் என்பதை மறுக்க முடியாது. மே 6 ஆம் நாளளவில் கதிரியக்க வெளியேற்றம் திடீரெனக் குறைந்தது.

ஆணையத்தின் உறுப்பினர்கள் கதிர்வீச்சின் காரணமாகக் குறுகிய காலத்தில் மாற்றப்பட்டு வந்தனர். லெகாசொவோ மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டு விளக்கம் அளித்துவிட்டு மீண்டும் மீண்டும் செர்னோபிலுக்குத் திரும்பினார். சுற்றிலும் 30 கிலோமீட்டர் வட்டாரம் காலி செய்யப்பட்டது. அவ்வாண்டில் இடம்பெயர்க்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 1,16,000. கடுமையான கதிர்வீச்சு நோய்க்கு உள்ளானவர்கள் என உறுதி செய்யப்பட்ட 134 பேருள் 28 பேர் அவ்வாண்டிலேயே இறந்தனர். சிதைந்த உலையைச் சுற்றிக் கான்கிரீட்டாலும் எஃகாலும் எழுப்பப்பட்ட மூடுகட்டடம் நவம்பரில் நிறைவடைந்தது.

வியன்னா அறிக்கை

1986 ஆகஸ்டு 25 முதல் 29 வரை பன்னாட்டு அணுசக்தி முகமை வியன்னாவில் கூட்டிய வல்லுநர் கூட்டத்துக்குச் சோவியத் தூதுக்குழுவின் தலைவராக லெகாசொவ் சென்றார். குழு கொண்டுசென்ற அறிக்கை 388 பக்கங்களைக் கொண்டது. லெகாசொவ் ஏறத்தாழ 5 மணி நேரம் உரையாற்றினார். உலையின் அமைப்பு, சோதனை தொடங்கியது முதல் வெடிப்பு வரையிலான நிகழ்வுகள், வெளியேறிய கதிரியக்கப் பொருள்களின் அளவு, மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள் ஆகியவற்றை எண்களுடன் விளக்கினார். ஐயத்துடன் வந்திருந்த மேலைநாட்டு வல்லுநர்கள் இறுதியில் கைதட்டிப் பாராட்டினர்.

அறிக்கை பழியை இயக்குநர்கள் மீது சுமத்தியது. அவர்கள் விதிகளை மீறினர், பாதுகாப்பு அமைப்புகளைத் துண்டித்தனர், உலையை நிலையற்ற தாழ்ந்த திறனில் இயக்கினர் என்று அது கூறியது. இவற்றில் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மையும் இதுவன்று. அதை அறிய உலையின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஆர்.பி.எம்.கே உலையில் நியூத்திரன்களின் வேகத்தைத் தணிப்பது கிராஃபைட்டு. குழாய்களில் ஓடும் நீர் வெப்பத்தை அகற்றுகிறது. அத்துடன் நியூத்திரன்களில் ஒரு பகுதியையும் உறிஞ்சுகிறது. நீர் கொதித்து ஆவியானால் உறிஞ்சுதல் குறைந்து பிளவு பெருகும். பிளவு பெருகினால் மேலும் நீர் ஆவியாகும். இந்தப் பண்பு வியன்னாவில் மறைக்கப்படவில்லை. இரண்டாவது குறை கட்டுப்பாட்டுத் தண்டுகளில் இருந்தது. போரான் அடங்கிய தண்டு ஒவ்வொன்றின் கீழும் கிராஃபைட்டுப் பகுதி ஒன்று தொங்கியது. தண்டு முழுவதும் மேலே இழுக்கப்பட்ட நிலையில் கிராஃபைட்டு உலையின் நடுவில் நிற்கும். அதன் கீழே ஏறத்தாழ 1.25 மீட்டர் உயரத்துக்கு நீர் இருக்கும். தண்டைக் கீழே செலுத்தியதும் கிராஃபைட்டு முதலில் அந்நீரை வெளியே தள்ளும். உறிஞ்சும் பொருள் அகன்று அவ்விடத்தில் தணிக்கும் பொருள் வருவதால், உலையின் அடிப்பகுதியில் பிளவு குறைவதற்கு மாறாகச் சில நொடிகள் கூடும். விபத்தன்று 211 தண்டுகளில் மிகப் பெரும்பாலானவை மேலே இழுக்கப்பட்டிருந்தன. அந்நிலையில் உலையை நிறுத்துவதற்காக அவசரப் பொத்தான் அழுத்தப்பட்டது. சில நொடிகளில் உலை வெடித்தது. உலையை அணைக்க வேண்டிய விசையே அதன் திறனை ஏற்றியது.

இக்குறை 1983 ஆம் ஆண்டிலேயே லித்துவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் உலையைத் தொடங்கும் சோதனைகளின்போது காணப்பட்டிருந்தது. வடிவமைப்பாளர்கள் அதை அறிந்திருந்தனர். பிற நிலையங்களுக்கும் தகவல் சென்றது. ஆயினும் திருத்தம் செய்யப்படவில்லை. இயக்குவோருக்கு அதன் ஆபத்து விளக்கப்படவும் இல்லை. 1986 சூலை 3 ஆம் நாள் கொர்பச்சோவின் தலைமையில் கூடிய கட்சியின் உயர்மட்டக் குழு உலையின் வடிவமைப்புக் குறைகளை விவாதித்தது. பொறுப்பில் இருந்த உயர் அலுவலர்கள் சிலர் பதவி நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் பொதுமக்களுக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பில் நிலையத்தின் ஊழியர்களே முதன்மைக் குற்றவாளிகளாகக் காட்டப்பட்டனர். வியன்னா அறிக்கையும் அதே வழியில் சென்றது. எஞ்சிய உலைகளில் தண்டுகளை இனி முழுவதுமாக மேலே இழுக்க முடியாதவாறு 1.2 மீட்டர் உள்ளேயே நிறுத்தப்போவதாக, திருத்தங்களைப் பற்றிய பகுதியில் அவ்வறிக்கை தெரிவித்தது. மருந்தைக் கூறி நோயைக் கூறாமல் விட்டது போன்றது இது. இக்னாலினாவில் கண்டது பற்றி அதில் எதுவும் இல்லை.

பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக்குழு 1986 இல் வெளியிட்ட முதல் அறிக்கை சோவியத் விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. 1992 இல் வெளியிட்ட மறு அறிக்கையில் அதே குழு தன் கருத்தை மாற்றிக்கொண்டு, உலையின் வடிவமைப்பும் பாதுகாப்புப் பண்பாட்டின் இன்மையுமே பெரிதும் காரணம் என்றது. இயக்குநர்கள் செய்ததாகக் கூறப்பட்ட மீறல்கள் சில அக்காலத்தில் விதிமீறல்களே அல்ல என்றும் அது கண்டது. ஆனால் 1987 சூலையில் செர்னோபில் நகரில் நடந்த வழக்கில் நிலையத்தின் இயக்குநர், தலைமைப் பொறியாளர், துணைத் தலைமைப் பொறியாளர் ஆகிய மூவருக்கும் தலா 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை ஏற்கனவே விதிக்கப்பட்டுவிட்டது.

லெகாசொவ் எவ்வளவு விரும்பி இதைச் செய்தார், எவ்வளவு கட்டாயத்தினால் செய்தார் என்பது பற்றி எழுதுவோரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவர் கட்சியின் உறுப்பினர், அரசின் தூதர், உலைக்குப் பொறுப்பான கழகத்தின் துணை இயக்குநர். இம்மூன்று கடமைகளும் ஒரே திசையில் இழுத்தன. அதே வேளையில், அவர் வெளியிட்ட அளவைக்கூட மிகையெனக் கருதிய அதிகாரிகள் மாஸ்கோவில் இருந்தனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதி ஆண்டுகள்

வியன்னாவிலிருந்து திரும்பிய பின் லெகாசொவ் தொழில்துறைப் பாதுகாப்பைப் பற்றியே பெரிதும் எழுதினார். செர்னோபில் ஒரு தனித்த பிழையன்று, நாட்டின் தொழிலாட்சி பல ஆண்டுகளாகச் சென்றுகொண்டிருந்த வழியின் முடிவு என்னும் முடிவுக்கு அவர் வந்திருந்தார். உலை வடிவமைப்பாளரும் அதைச் சோதிப்பவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருத்தல், விலையைக் குறைக்கப் பாதுகாப்பு உறையைத் தவிர்த்தல், மனிதர் தவறு செய்வர் என்பதைக் கணக்கில் கொள்ளாமை ஆகியவற்றைக் கண்டித்தார். அணு ஆற்றலை அவர் எதிர்க்கவில்லை. அது நாட்டுக்குத் தேவை என்றே இறுதிவரை நம்பினார்.

தம் கழகத்தில் அவருக்கு ஆதரவு குறைந்தது. விபத்தின் விளைவுகளை அகற்றியமைக்காகப் பலர் நாட்டின் உயரிய விருதுகளைப் பெற்றபோது அவருக்கு நாயகர் விருது அளிக்கப்படவில்லை. 1987 இல் கழகத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழுவுக்கு நடந்த தேர்தலில் அவருக்கு எதிராகவே கூடுதல் வாக்குகள் விழுந்தன. அணுவுலைத் துறையினருக்கு வேதியியலாளரான அவர் வெளியாள். அவர்களுடைய படைப்பைக் குறைகூறியவர் என்ற மனக்கசப்பும் இருந்தது. கதிர்வீச்சினால் உடல்நலமும் குன்றி, பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

விபத்தைப் பற்றிய தம் நினைவுகளை அவர் ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்தார். 1988 ஏப்ரல் 27 அன்று, விபத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள், மாஸ்கோவில் தம் இல்லத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 51. மனைவியும் ஒரு மகளும் ஒரு மகனும் அவருக்கு இருந்தனர். உடல் மாஸ்கோவின் நவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மே 20 அன்று கட்சியின் நாளேடான பிராவ்தா அவருடைய நினைவுகளின் ஒரு பகுதியை வெளியிட்டது. அவ்விதழின் அறிவியல் ஆசிரியரும் நாடகாசிரியருமான விளாதிமிர் கூபரெவ் இதற்கு முன்னின்று உழைத்தார்.

எஞ்சிய உலைகளும் நிலையம் மூடப்படலும்

செர்னோபில் நிலையம் விபத்துடன் மூடப்பட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 1 ஆம், 2 ஆம் உலைகள் 1986 ஆம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே மீண்டும் இயக்கப்பட்டன. சிதைந்த உலையுடன் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்திருந்த 3 ஆம் உலை 1987 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. ஊழியர்களுக்காகச் சிலாவுத்திச் என்ற புதிய நகரம் கட்டப்பட்டது.

எல்லா ஆர்.பி.எம்.கே உலைகளிலும் மாற்றங்கள் செய்யப்பட்டன. எரிபொருளின் செறிவு 2 விழுக்காட்டிலிருந்து 2.4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கூடுதல் உறிஞ்சிகள் நிலையாகப் பொருத்தப்பட்டன. தண்டுகள் மாற்றி வடிவமைக்கப்பட்டன. அவை உள்ளே செல்லும் நேரம் 18 நொடிகளிலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டதுடன், இரண்டரை நொடிக்குள் செயற்படும் தனி அவசர அமைப்பும் சேர்க்கப்பட்டது. இவை அனைத்தும் விபத்துக்கு முன்னரே செய்யக்கூடியனவாக இருந்தன.

2 ஆம் உலை 1991 அக்டோபரில் சுழலிக்கூடத்தில் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின் மீண்டும் இயக்கப்படவில்லை. 1993 க்குள் நிலையத்தை மூட முடிவு செய்திருந்த உக்ரைன் நாடாளுமன்றம், மின்பற்றாக்குறையினால் அம்முடிவைக் கைவிட்டது. 1995 இல் ஏழு தொழில்வள நாடுகளுடனும் ஐரோப்பிய ஒன்றியத்துடனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2000 ஆம் ஆண்டுக்குள் மூட இசைந்தது. 1 ஆம் உலை 1996 நவம்பரில் நிறுத்தப்பட்டது. 2000 டிசம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் லியோனித் குச்மா கீவ் நகரிலிருந்து ஆணையிட, 3 ஆம் உலை நிறுத்தப்பட்டது. விபத்து நிகழ்ந்து அப்போது 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. நிலையத்தை முற்றாகக் கலைக்கும் பணி 2060களின் நடுப்பகுதி வரை நீளுமாறு திட்டமிடப்பட்டுள்ளது. பழைய மூடுகட்டடத்தின் மீது 108 மீட்டர் உயரமும் 257 மீட்டர் அகலமும் கொண்ட எஃகு வளைவு ஒன்று 2016 நவம்பரில் தண்டவாளங்களில் நகர்த்தி நிறுத்தப்பட்டது. 100 ஆண்டுகள் நிற்குமாறு அமைக்கப்பட்ட அதன் கூரையை 2025 பிப்ரவரி 14 அன்று ஆளில்லா வானூர்தித் தாக்குதல் ஒன்று துளைத்தது.

நினைவு

1996 செப்டம்பரில் ரஷ்யக் குடியரசுத் தலைவர் போரிஸ் யெல்த்சின், லெகாசொவுக்கு ரஷ்யக் கூட்டமைப்பின் நாயகர் என்னும் விருதை மறைவுக்குப் பின் வழங்கினார். அவர் பயின்ற மாஸ்கோ பள்ளிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

2019 இல் வெளிவந்த செர்னோபில் என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஜாரெட் ஹாரிஸ் லெகாசொவாக நடித்தார். இவரைப் பற்றி இன்று பலர் அறிந்திருப்பது இத்தொடரின் வாயிலாகவே. ஆனால் அதில் காட்டப்படுபவை அனைத்தும் நிகழ்ந்தவை அல்ல. தொடரில் அவர் தனியாக வாழ்பவராகக் காட்டப்படுகிறார். தண்டுகளைப் பற்றிய உண்மையை அவர் நீதிமன்றத்தில் எழுந்து கூறுவதாகவும் ஒரு காட்சி உண்டு. லெகாசொவ் அவ்வழக்கில் கலந்துகொள்ளவே இல்லை.